பவானிசாகர் முதல் திருப்பூர் வரை: கணக்கில் இல்லாத பிள்ளைகள்

பவானிசாகரில் புறப்படும் சாலை புஞ்சைப் புளியம்பட்டி, சேவூர், அவினாசி என்று மூன்று ஊர்களைத் தாண்டித் திருப்பூருக்கு வந்து சேர்கிறது. தூரம் அறுபது கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு முனையில் அணையும் தோட்டங்களும், மறுமுனையில் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும். இரண்டு முனைகளிலும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். பவானிசாகர் முகாமில் இருப்பவர்கள் போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள். திருப்பூரின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஒடிசாவிலும் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் வங்கத்திலும் பிழைக்க வழியில்லாமல் ரயிலேறி வந்தவர்கள். ஒடியா பேசுகிறவரையும் வங்காளம் பேசுகிறவரையும் திருப்பூர் ஒரே சொல்லில் ‘இந்திக்காரங்க’ என்று முடித்துக்கொள்கிறது. முன்னவர்களுக்கு அரசாணை உண்டு, ஆணையரகம் உண்டு, அவர்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் அறிவிப்பு உண்டு. பின்னவர்களுக்கு இந்திய அரசமைப்பின் எல்லா உரிமைகளும் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்க ஒரு முகவரிதான் இல்லை. இந்தச் சாலையை ஒரே நாளில் கடந்து, இரண்டு முனைகளிலும் குழந்தைகள் எப்படிப் பாதுகாக்கப்படுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால், நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான ஒன்று தெரியவரும். குடிமக்கள் அல்லாத பிள்ளைகள் கணக்கில் இருக்கிறார்கள். குடிமக்களான பிள்ளைகள் கணக்கில் இல்லை.

முகாம்களின் கதை 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து தொடங்குகிறது. 1983இலிருந்து 87 வரை ஓர் அலை, 1989இலிருந்து 91 வரை அடுத்தது, 1996க்குப் பிறகு மூன்றாவது, 2006இல் நான்காவது. எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் திரும்பிவிட, இன்று நூற்றுச் சொச்சம் முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34 ஆயிரம் பேரும் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டமும் இல்லை. இருப்பதெல்லாம் நிர்வாகப் பதிவேடு. வருவாய்த் துறை ஆய்வாளர் தலை எண்ணுவார், கியூ பிரிவு போலீஸ் கண்காணிக்கும், ஊர் தாண்டிப் போய்த் தங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பத்துக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த முகாம்கள் உண்டு. 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். பணக்கொடை குழந்தைக்கு 400 ரூபாயிலிருந்து 500 ஆனது. முகாமின் பெயர் இப்போது ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. பெயர் மாறினாலும் தலை எண்ணும் பழக்கம் மாறவில்லை.

அந்தத் தலைக்கணக்கு காவலுக்காகத்தான் உண்டானது, பாசத்தால் அல்ல. ஆனாலும் அதிலிருந்து யாரும் திட்டமிடாத ஒரு நன்மை விளைந்தது. முகாமில் ஒரு குழந்தை பிறந்தால் அது அட்டையில் ஏறியாக வேண்டும், ஏறினால்தான் பணக்கொடையும் அரிசியும். அட்டையில் ஏறிய குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்குப் போகாவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தெரியும். ஒரு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் முகாமுக்குள்ளேயே மாலை வகுப்பு எடுக்கும் அக்காவுக்குத் தெரியும். 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் பணியில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, வெளியிலிருந்து ஆள் கொண்டுவராமல் முகாமின் படித்த இளைஞர்களையே ஆசிரியர்களாகவும் சுகாதாரத் தொண்டர்களாகவும் ஆக்கியதைத்தான். யேசு சபை அகதிகள் பணியும் மாலை வகுப்புகளை இதே வழியில் நடத்தியது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் உள்ளே வருவது கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளிலும் அந்த இளைஞர்கள் முகாமுக்குள்ளேயேதான் இருந்தார்கள். குழந்தைப் பாதுகாப்பு என்றதும் உதவி எண்ணும் குழுவும் விசாரணையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை எல்லாம் தீங்கு நடந்த பிறகு வேலை செய்கிறவை. அதற்கு முன்பே வேலை செய்வது, பெயரோடு பிள்ளையைத் தெரிந்த ஒரு பெரியவர் தினமும் அதைப் பார்ப்பது. பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டுபிடிக்க நேற்றைய முகம் தெரிந்திருக்க வேண்டும்.

முகாமை இப்படிச் சொல்வதால் அதைச் சொர்க்கமாக்க வேண்டியதில்லை. சுவருக்கும் சுவருக்கும் இடைவெளி இல்லாத வரிசை வீடுகளில் வளர்பிள்ளைகளுக்கு மறைவு என்பதே கிடையாது. மதுவும் கடனும் வீட்டுச் சண்டையும் அவர்கள் கண்முன்தான் நடக்கின்றன. இளவயதுத் திருமணம் முகாம்களில் பேசப்பட்டு வரும் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவுக்கு அப்பால் என்ன என்ற கேள்வி. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பெற்றோர் யாராயினும் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமை வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்தத் தேதிக் கணக்கை வைத்தே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று கடவுச்சீட்டுப் பெற்று, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். இரண்டு ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைத் தொடவே இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்டவர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. எனவே முகாமில் பிறந்து தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்த ஒரு பையன், பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அரசு வேலைக்கு எழுத முடியாது என்று தெரிந்துகொள்கிறான். அண்ணன்மார் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், அவனும் போகிறான். இந்த இடைநிற்றலை மாலை வகுப்பு அக்கா எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் தடுக்க முடியாது. அதைத் தடுக்க நாடாளுமன்றம்தான் மனது வைக்க வேண்டும்.

புளியம்பட்டி மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் வானம் பார்த்த பூமி. அறுபது ஆண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டு, காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து ஏற்றப்படும் நீர் இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. தண்ணீர் வருவதற்கு முன்பே இங்கே விவசாயத்தின் இடத்தை நூற்பாலையும் விசைத்தறியும் பிடித்துக்கொண்டன. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் நூலுக்கும் இந்த மாநிலத்தில் ஒரு பழைய உறவும் உண்டு. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, தேயிலைத் தோட்டங்களோடு நூற்பாலைகளும் அவர்களுக்கான மறுவாழ்வு வேலையாகக் காட்டப்பட்டன. 1969இல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி வந்தது. பின்னாளில் அதே நூற்பாலைகள் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டத்துக்கும் பெயர் வாங்கின. சீர் செய்ய வழியில்லாத வீட்டின் கவலைதான் அந்தத் திட்டத்தின் மூலதனம். இந்த வட்டாரத்தில் இடம்பெயர்ந்தவரின் பிள்ளை எப்போதுமே ஏதோ ஒரு வகையில் நூலோடு கட்டப்பட்டிருக்கிறது.

அவினாசிக்கு வந்தால் சுந்தரர் கதையைத் தவிர்க்க முடியாது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போக, ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவில் வருகையில் ஒரு வீட்டில் பூணூல் கல்யாண ஆரவாரம், எதிர்வீட்டில் அழுகை. ஏன் என்று கேட்கிறார். பதிகம் பாடிப் பிள்ளையை மீட்கிறார். பக்தர்களுக்கு முதலை வாய் திறந்ததுதான் அற்புதம். எனக்கு அவர் தெருவில் நின்று ஏன் என்று கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த அழுகை ஆண்டுக்கணக்காக அக்கம்பக்கத்துக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கேட்கும் வரை அது ஊருக்குப் பழகிப்போன சத்தம்.

அவினாசியிலிருந்து திருப்பூர் வரை ஊர் முடிவதே இல்லை. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், பிறகு நகரம். 2024–25இல் இங்கிருந்து போன பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த ஒரே நகரத்துடையது. நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்து, பெரிய கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் பட்டறைக்கும் அங்கிருந்து வீட்டுத் திண்ணைக்கும் போகிறது. இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கத்துக் குடும்பங்கள் இந்த வேலையைச் செய்தன. பிறகு வட மாநிலத்தவர் வந்தார்கள். முதலில் தனி ஆண்கள், அடுத்துத் திறன் பயிற்சித் திட்டங்கள் வழியாக விடுதிகளுக்கு இளம்பெண்கள், இப்போது குடும்பத்தோடும் வருகிறார்கள். கணவன் டெய்லர், மனைவி செக்கிங். காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாகப் பத்துப் பதினைந்து அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. வேலை காலை 8.30 முதல் இரவு 8.30 வரை, திருப்பூர்க் கணக்கில் ‘ஒன்றரை ஷிப்ட்’. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. திருப்பூரில் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை.

அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அறையில் இருக்கும் பிள்ளைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஊரில் பாட்டி இருந்தாள், சித்தி இருந்தாள். இங்கே ஒன்பது வயது அக்காதான் இரண்டு வயதுத் தம்பிக்குத் தாய். அவள் பள்ளிக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஆளில்லை. அவள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை, ஆகவே குழந்தைத் தொழிலாளர் சட்டம் அவளைப் பார்க்காது. பெற்றோர் இருவரும் உயிரோடு, உடன் இருக்கிறார்கள்; 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோர் என்று விரித்துச் சொல்லும் பட்டியலுக்குள்ளும் அவள் எளிதில் அடங்கமாட்டாள். ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தை அந்தப் பட்டியலில் உண்டு. அச்சட்டம் குழந்தையின் குடியுரிமையைக் கேட்பதில்லை என்பதால் முகாம் பிள்ளைக்கு அதில் இடம் இருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. ஏற்றுமதிக் கம்பெனியில் காப்பகம் இருக்கும். இருபது பேர் தைக்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு அந்தப் பிரிவே பொருந்தவில்லை. அங்கன்வாடிக்கு நானூறு முதல் எண்ணூறு பேருக்கு ஒன்று என்ற அளவு உண்டு. ஆனால் கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011ஆம் ஆண்டினுடையது. அதற்குப் பின் வந்த லைன் வீடுகளைப் பொறுத்தவரை அந்த எண்ணிக்கை பழங்கதை.

இங்கே திருப்பூரின் தொழிலதிபர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடுவார்: எங்கள் கம்பெனிக்குள் குழந்தைத் தொழிலாளர் இல்லை, வெளிநாட்டு பையர்கள் ஆண்டுதோறும் ஆடிட் செய்கிறார்கள், எங்கள் வாசலைத் தாண்டியதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? முதல் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் இந்த நகரத்தில் சிறுவர்கள் பிசிர் வெட்டினார்கள், கை மடித்தார்கள். 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின், குழந்தை உழைப்பில் உருவான பொருள்களைத் தடுக்க மசோதா கொண்டுவந்தபோது இந்த ஊர் அதிர்ந்தது. தொண்டு நிறுவனங்களின் அழுத்தமும் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகளும் பையர்களின் நிபந்தனையும் சேர்ந்து, கம்பெனி வாசலிலிருந்து சிறுவர்களை வெளியேற்றின. 2016இன் திருத்தம், குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்றது. இது உண்மையான முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆடிட்டர் மெஷினுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறார். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பிள்ளை அந்நேரம் எங்கே இருக்கிறது என்று அவருடைய படிவம் கேட்பதில்லை. அந்தப் பிள்ளையின் தனிமையை உண்டாக்குவது வேறு எதுவும் இல்லை, ஷிப்டின் நீளம்தான். ஷிப்டின் நீளத்தை முடிவு செய்வது ஷிப்மென்ட் தேதி. அதை முடிவு செய்வது பையர். ஆகவே பொறுப்பு வாசலோடு நிற்கிறது என்ற வாதம் கணக்குப்படி சரியில்லை. பன்னிரண்டாவது மணி நேரத்தின் லாபம் வாசலுக்கு உள்ளே வருகிறது, அதன் செலவு மட்டும் காம்பவுண்டு அறையில் விழுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. முகாம் பதிவேட்டைப் பாராட்டுவது கண்காணிப்பைப் பாராட்டுவது ஆகாதா? தலை எண்ணப்பட்டு வாழ்ந்த நாற்பது ஆண்டு அவமானத்தை முகாம் மக்களிடம் கேட்டால் தெரியும். அதோடு, புலம்பெயர் தொழிலாளர்களைக் கணக்கெடுங்கள் என்று இன்று குரல் எழுப்புகிறவர்களில் பலர் குழந்தையை நினைத்து எழுப்பவில்லை. 2023இன் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனதும், திருப்பூர்க் காவல் துறை தொழிலாளர்களிடம் போய் இந்தியில் பேசி நம்பிக்கையூட்டியதும் நினைவிருக்கும். 2025இன் தொடக்கத்தில் ஆவணமில்லாத வங்கதேசத்தவர் பல்லடம் பக்கத்தில் கைது செய்யப்பட்டார்கள். வங்காளம் பேசும் எந்தக் குடும்பமும், அது மால்டாவிலிருந்து வந்த இந்தியக் குடும்பமாகவே இருந்தாலும், பதிவேட்டோடு வருகிறவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால் வரும் முடிவு, கணக்கே வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. முகாமில் பிள்ளையைக் காத்தது கியூ பிரிவின் பதிவேடு இல்லை. அதே பெயர்களை வேறொரு நோட்டில் எழுதி வைத்திருந்த மாலை வகுப்பு அக்கா. அவளிடம் இருந்த நோட்டைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. திருப்பூரில் அந்த நோட்டு அங்கன்வாடிப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் இருக்கட்டும். காவல் நிலையத்துக்கும் வீட்டுக்காரருக்கும் அதில் வேலையில்லை. தொழிலாளர் துறை 2023இல் வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிய இணையதளம் தொடங்கியது நல்லதே. ஆனால் அது உழைப்பவரை எண்ணுவதற்கானது, பிள்ளைக்கான கணக்கு வேறு கையில் இருக்க வேண்டும்.

இவர்கள் நாலு மாசத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், தீபாவளி போனஸ் வாங்கினால் அடுத்த ஆண்டு வேறு ஊர், இவர்கள் பிள்ளைகளுக்கு எதற்கு இங்கே பள்ளியும் பாலும் என்ற கேள்வியும் உண்டு. உள்ளூர் வரிப்பணம் என்ற வார்த்தை உடனே பின்னால் வரும். வரியைப் பற்றி இந்த நகரத்தில் பேசுவது வேடிக்கை. 40 ஆயிரம் கோடியில் அவர்கள் தைத்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும்? திரும்பிப் போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1983இல் மண்டபத்தில் இறங்கியவர்களைப் பற்றியும் நாலு மாசம் என்றுதான் சொன்னோம். அந்த நம்பிக்கையில் தற்காலிகமாகப் போட்ட கூரைக்குக் கீழே பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிச் செலவைத் தள்ளிப்போட்டதன் விலையைத்தான் 2021இல் 317 கோடி ரூபாயாகக் கட்டத் தொடங்கினோம். பெரியவருக்கு நாலு மாசம் தற்காலிகம்; மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மொழி கற்கும் காலம், எலும்பு வளரும் காலம். ஆர்டர் குறைந்தால் குடும்பங்கள் நகரும் என்பதும் உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஷிப்டுகள் குறைந்தன. ஊர் மாறும் பிள்ளைக்குத்தான் பள்ளி எளிதில் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும் பிள்ளை வராததற்குக் காரணம் மொழி என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் பிள்ளைகள் தெருவிலேயே ஆறு மாதத்தில் தமிழ் கற்றுக்கொள்கின்றன. கடைக்காரரிடம் அம்மாவுக்காக மொழிபெயர்ப்பதே அவைதான். திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு ஒடியாவிலேயே பாடம் சொல்லும் ஏற்பாடு முன்பே நடந்திருக்கிறது, ஆகவே அதுவும் இயலாத காரியமில்லை. உண்மையான தடை கடிகாரம். பள்ளி மாலை நான்கு மணிக்கு விடுகிறது, ஷிப்ட் எட்டரைக்கு முடிகிறது. நடுவில் நாலரை மணி நேரம். அங்கன்வாடியோ மதியத்தோடு தளர்ந்துவிடும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், ஷிப்டுக்கு ஓடும் தாயின் காலை நேரத்தைத் தீர்த்துக் கொடுத்தது. அப்படி மாலையைத் தீர்க்கும் திட்டம் இல்லை. முகாமில் அது இருந்தது. மாலை வகுப்பு என்ற பெயரில் பெரிய செலவில்லாமல், முகாம் இளைஞர்களின் கையால் நடந்தது. அந்த வகுப்பில் என்ன பாடம் நடந்தது என்பதைவிட, அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒரு பெரியவரின் பார்வையில் இருந்தார்கள் என்பதே பாதுகாப்பு.

ஆக, இந்த அறுபது கிலோமீட்டரில் இரண்டு கொடுக்கல் வாங்கல் பாக்கி இருக்கிறது. திருப்பூர்ப் பிள்ளையிடம் இருப்பதும் முகாம் பிள்ளையிடம் இல்லாததும் குடியுரிமை. அது தில்லியின் வேலை, அதிலும் முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களுக்கு அதை மறுக்கச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. முகாம் பிள்ளையிடம் இருப்பதும் திருப்பூர்ப் பிள்ளையிடம் இல்லாததும் பெயர் தெரிந்த ஒரு பெரியவர். அது திருப்பூரின் வேலை. அறுபது வார்டுகள் கொண்ட மாநகராட்சியில் வார்டு தோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு வைக்க மாநில அரசின் விதிமுறை இடம் தருகிறது. அந்தக் குழுவில் ஒடியாவும் இந்தியும் பேசும் ஒரு தாயை உறுப்பினராக்குவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. லைன் வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் பிள்ளைகள் மையத்தை ஜாப் ஒர்க் பட்டறைகள் கூட்டாக நடத்தலாம். தனித்தனியே காப்பகம் வைக்கும் கடமை இல்லாத சிறு பட்டறைகள் ஒரே தெருவில் பத்து இருக்கின்றன. சாயக்கழிவு நீரை நொய்யலில் விடாமல் சுத்திகரிக்கப் பொது நிலையங்களைக் கூட்டாகக் கட்டிய ஊர் இது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடிய பிறகு அதைச் செம்மையாகவே செய்து காட்டியது. பிள்ளைகள் மையமோ நீதிமன்றம் கதவைத் தட்டும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை.

ஒவ்வொரு ஆண்டும் பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாக வருகிறார்கள். பெரும்பாலும் பகல் நேரம். அறைகள் வெளியே பூட்டியிருக்கும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திருப்பூரில் காம்பவுண்டு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர்கள் வந்து கேட்கும்போது ‘இந்திக்காரங்க, வேலைக்குப் போயிட்டாங்க’ என்று முடித்துவிடாதீர்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098க்கு அழைக்கலாம், அழைப்புக்குக் கட்டணம் இல்லை.